ஒரே செல்லா, இரண்டு செல்லா

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுக்க என் சொந்தச் சரக்கு இல்லை. இரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருந்தபோது, மைக்ரோஸ்கோப்பில் கவிழ்ந்திருந்த அம்மாளிடம் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "என்னங்க, இவ்வளவு நேரமா ஒரே இடத்தையே பாக்கறீங்க?"

"ரெண்டு உட்கரு தெரியுது. ஒரே செல்லுக்குள்ள ரெண்டா, இல்ல ரெண்டு செல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கான்னு பாக்கணும். நீங்க போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். மீதி என் கற்பனை.

2.
முதல் தொடக்கம்: ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் உட்கரு என்பது இயற்கையின்...

(அடித்துவிட்டேன். பொய். தசைநாரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கல்லீரலில் இரண்டு இருப்பது சகஜம். கழுத்துக் கட்டியில், பெரிய செல்லுக்குள் இரண்டு இருந்தால்தான் புற்றுநோயோ என்று சந்தேகம் வரும்.)

இரண்டாவது: அந்த ஸ்லைடு, அந்த அம்மாளின் தங்கை கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்தது.

இது இருக்கட்டும்.

3.
அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு ஸ்லைடையும் இருவர் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். அன்று எண் ஒட்டுகிறவர் விடுப்பு, அக்காவே ஒட்டினாள். தங்கையுடையது நாற்பத்தேழு. யாருடையது என்று தெரிந்துவிட்டால் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை. மனசு கேட்கவில்லை.

போன் அடித்தது.

"அக்கா, பாத்துட்டியா? நீ பாத்தா ஒண்ணும் இருக்காது. என் மார்க் ஷீட்டையே அப்பா கண்ணுல படாம ஒளிச்சவளாச்சே!"

"இன்னும் பாக்கலடி. வை போனை."

மைக்ரோஸ்கோப்பின் குமிழை மெல்லத் திருப்பினால் போதும். ஒன்று தெளிந்து மற்றது மங்கினால் இரண்டு செல். இரண்டும் சேர்ந்தே தெளிந்தால் ஒரே செல். குமிழில் வைத்த விரல் அசையவே இல்லை. அவளுக்குப் பயம். மங்காவிட்டாலும் மங்கியதாக எழுதிவிடுவோமோ என்ற பயம்.

4.
முடிவு அ: ஒன்று மங்கியது. (எழுதியதும் எனக்கே கூச்சமாக இருந்தது. நானும் மார்க் ஷீட்டை ஒளிக்கிறேன்.)

முடிவு ஆ: இரண்டும் சேர்ந்தே... (முடியவில்லை. அந்தத் தங்கை போனில் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசினாளே.)

ஆகவே அக்கா கையை எடுத்தாள். ஸ்லைடைப் பக்கத்து மேஜைத் தட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பக்கத்து மேஜையில் இருப்பவர் நீங்கள். யாருடையது என்று தெரியாமல் பார்க்க வேண்டியவர். அடக் கடவுளே, நான்தான் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிவிட்டேனே!

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. குமிழைத் திருப்புங்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.