சக்களத்தியின் தண்ணீர்

மணியடிப்பவர் காய்ச்சலில் படுத்து, முதன்முறையாக ஒரு நாள் முழுக்க வீட்டில் தங்கியபோது தேவாலயத்துக்குள் மழை பெய்தது. வெளியே சுள்ளென்று வெயில். கூரையில் ஊசி நுழைய ஓட்டை கிடையாது. உத்தரங்களுக்குக் கீழே பிறந்த மழை, பீடத்திலிருந்து வாசற்படி வரை ஒரே சீராகப் பெய்து மாலை நான்கு மணிக்கு நின்றது. இரண்டு அங்குலம். மூன்று வருடமாகக் கிணறுகள் வற்றி, வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீரில் ஊர் காலம் தள்ளிக்கொண்டிருந்த சமயம் அது. அதனால் ஏன் பெய்கிறது என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஏன் என்பது ஒருத்திக்கு மட்டும் உடனே விளங்கியது. மணியடிப்பவரின் மனைவிக்கு. கல்யாணம் முடிந்த மறுநாளே அவளைத் தூங்கவிட்டு, பித்தளை விளக்குகளைத் துலக்கப் போன மனிதர் அவர். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தின் பெஞ்சுகளைத் துடைத்தார், சன்னல்களைத் துடைத்தார், புறா எச்சத்தைக்கூட முகம் சுளிக்காமல் துடைத்தார். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைத்தது கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் அங்கே கதவுக் கீல் கிறீச்சிடுவதைப் பற்றித்தான் பேச்சு. தேவாலயத்தை அவள் 'அவ' என்றுதான் சொல்வாள். ஆத்திரம் மிஞ்சினால் 'என் சக்களத்தி' என்பாள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது மழைச் செய்தி வந்தது.

"அழறாளா?" என்று கேட்டாள். "நல்லா அழட்டும். நான் அழுதப்ப எவ வந்து பார்த்தா?"

சபையில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இருவருக்குக் காது கேட்காது. பாதிரியார் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தார். மணியடிப்பவர் உள்ளே வந்தால் தரை காய்ந்தது. வீட்டுக்குப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் பெய்தது. ஒன்பது பேரும் கை தூக்கி, கட்டடத்தை ஊருக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஜெபம், மற்ற நேரமெல்லாம் தண்ணீர். பெஞ்சுகள் துவைக்கும் மேடைகளாயின. பாவமன்னிப்புக் கூண்டுகள் இரண்டும் குளியலறைகளாயின. ஞானஸ்நானத் தொட்டி கைக்குழந்தைத் துணிகளுக்கு மட்டும். பொறுப்பை ஊர்ச் சலவைக்காரப் பெண் ஏற்றுக்கொண்டாள். பாதிரியார் மணியடிப்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, "இனிமே நீ வீட்டோட இருப்பா. உன் ஊழியம் அதுதான்," என்று சொல்லிவிட்டார்.

மழை எல்லா நாளும் ஒரே அளவில்லை என்பதை ஊர் ஒரு மாதத்தில் கண்டுகொண்டது. கணவனும் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் தூறல். சேர்ந்து சாப்பிட்டால் வாளிகள் நிறையும். ஒருநாள் இருவரும் சினிமாவுக்குப் போய் வந்தார்கள். முழங்காலளவு நின்றது, பக்கத்து ஊர்க்காரர்கள்கூட துணி மூட்டையோடு வந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா! அந்த வீட்டுச் சமாசாரம் ஊர்ச் சமாசாரமாகிவிட்டது. காலையில் சலவைக்காரப் பெண் சன்னலில் தலையை நீட்டுவாள்.

"அக்கா, இன்னிக்கு ஆஸ்பத்திரிப் போர்வை எழுபது வந்திருக்கு. அண்ணன்கிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுக்காமலே விசாரிப்பார். "ரெண்டு நாளா சொட்டுகூட இல்லையே. வீட்ல ஏதும் சண்டையாம்மா?"

மணியடிப்பவர் மாறித்தான் போனார். வெங்காயம் நறுக்கினார். அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். சொன்ன கதையையே அவள் திரும்பச் சொன்னாலும் உம் கொட்டினார். இப்படி நாலு வருடம். வேறொருத்தியாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். இவளுக்கோ வயிறு பற்றி எரிந்தது. ஏனென்றால் மாலையானால் அவர் சலவைக்காரப் பெண்ணை வாசலில் நிறுத்தி, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பதையும், நிறைய என்றால் அவர் முகம் மலர்வதையும் அவள் பார்த்திருந்தாள். ஒருநாள் அவருடைய எண்ணெய்க் கையைத் தட்டிவிட்டாள்.

"இதெல்லாம் எனக்கா, அவளுக்கா?"

"எவளுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவ நிறையணும்னுதானே என் காலைப் பிடிக்கிறீங்க?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பொய் சொல்ல வராத ஆள். உண்மை எதுவென்று அவருக்கே தெரியவில்லை. பதினோரு நாள் தேவாலயம் காய்ந்து கிடந்தது. ஊர் வாசலில் நின்று கெஞ்சியது. "ஊருக்காகப் புருஷனைப் பார்த்துச் சிரிக்க என்னால ஆகாது," என்றாள். நியாயம்தான், ஆனால் ஊருக்குத் துவைக்க வேண்டியிருந்ததே. பன்னிரண்டாம் நாள் பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி அழுக்குத் துணியோடு வந்து நின்றதும் மனமிரங்கி, அவருக்குச் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை. பிள்ளைத் துணிக்குப் போதுமான அளவு பெய்தது.

ஐந்தாம் வருடம் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. இரவும் பகலும் தண்ணீர். அன்றே பாதிரியார் சாவியைக் கொண்டுவந்து மணியடிப்பவர் கையில் வைத்தார். இனி அவர் வீட்டில் இருக்க வேண்டிய அவசியம் ஊரில் யாருக்கும் இல்லை. ஒருத்திக்கு இருந்தது, செத்தாலும் அவள் அதைச் சொல்ல மாட்டாள்.

"போங்க," என்றாள். "காத்துக்கிட்டு இருப்பா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அவள் கதவைத் தாழ்போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இரவலாக வந்த புருஷனை உரியவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள். பத்து நிமிடத்தில் கதவு தட்டுகிற சத்தம்.

"என்னத்தை மறந்துட்டுப் போனீங்க?"

"ஒண்ணும் மறக்கல. சாவியச் சலவைக்காரப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"அங்க கதவு திறக்க ஒரு ஆள் வேணும்ல?"

"அப்ப நீங்க?"

"நான் இங்கதான். திற, வெயில் மண்டையப் பிளக்குது."

அவள் கதவைத் திறந்தாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் தேவாலயத்துக்குள் கழுத்தளவு தண்ணீர். கதவுகள் விரியத் திறந்திருந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை, மறுநாளும் வடியவில்லை, அதற்கடுத்த நாளும் வடியவில்லை. துவைக்க, குடிக்க இனி யாருக்கும் அது தேவையில்லை. ஊர் அரைநாள் யோசித்தது. வறட்சியில் பிறந்த பிள்ளைகள் முழங்காலைவிட ஆழமான தண்ணீரைக் கண்டதில்லை என்பதால், அங்கே நீச்சல் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. ஒன்பது பேரின் ஜெபம் மணிக்கூண்டுக்கு மாறியது.

பெயர் கொடுக்க வந்தவர்களில் முதல் ஆள் மணியடிப்பவரின் மனைவி. இருபத்தேழு வருடத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததேயில்லை என்று சலவைக்காரப் பெண் கேலி செய்தபோது, "இப்பவும் எங்கடி மிதிக்கிறேன்? நீந்தித்தானே போறேன்," என்றாள். பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். வாசலிலிருந்து பீடம் வரை போய், பீடத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பினாள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். இந்தத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்புக் கரிக்கும். மிதப்பதற்கு அது வசதி என்கிறார்கள்.