கைலிக்கு மேலே துரைத் தொப்பி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் முருகையன் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஏரிக்கரை ஓரமாக நடந்து வந்தார். தலையில் தொப்பி இருந்தது, இடுப்பில் கட்டம் போட்ட கைலி இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் எவன் வேலைக்குப் போகிறான்? இதற்குத்தான் ஊர்க் கூட்டம் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தொப்பி திருடியது இல்லை. பங்குனிக் கடைசியில் புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் செஞ்சிக் கோட்டையை அளந்து படம் போட வந்தார். பெட்டி தூக்கவும் தண்ணீர் சுமக்கவும் என் வீட்டுக்காரரை நான்கு நாள் கூலிக்கு வைத்துக்கொண்டார். ஆள் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். கோட்டு, கழுத்தில் டை, பளபளவென்று பூட்ஸ், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. அந்தப் பூட்ஸோடு ராஜகிரி மலைப்படி ஏறினால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இரண்டாகக் கிழித்துக் கட்டுப் போட்டு, அவரைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். இவரிடம் இருந்தது அந்த ஒரே துண்டுதான். ஊருக்குப் புறப்பட்ட அன்று வெள்ளைக்காரர் இவருடைய வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

நல்ல தொப்பி. சாம்பல் நிறக் கம்பளித் துணி, சுற்றிக் கறுப்புப் பட்டு நாடா, உள்ளேயும் பட்டு தைத்திருந்தது. கோட்டும் சூட்டும் போடுகிறவர்கள் வைத்துக்கொள்கிற சாமான் அது. கைலிக்கு அது பொருந்தவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் பார்த்ததும் நானே, "இன்னாய்யா இது, சட்டிய கவுத்துக்கினு வந்துருக்கிற" என்று கேலி செய்தேன். அவருக்குக் கோபம் வராது. "வெயிலு எறங்கல மீனம்பா. கண்ணுக்கும் நெழலா இருக்குது" என்றார். வேறு துண்டு வாங்குகிற வரைக்கும் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

துண்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு ஆம்பிளைகள் ஊர்த் தெருவுக்குள் நுழைந்தால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரர் எதிரே வந்தால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். தொப்பிக்கு என்ன முறை என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தொப்பி வைத்தவன் எவனும் இருந்ததில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தொப்பி வைத்த ஆளைக் கண்டால் அவர்கள் எழுந்திருப்பார்கள், அவர்கள் துண்டு அவர்கள் கக்கத்துக்குப் போகும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பழக்கம். அவன் போய்ப் பதினேழு வருஷம் ஆகியும் அவர்கள் உடம்பு அதை மறக்கவில்லை.

அன்று இளையபெருமாள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கினோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான். கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே, ஏரிக்கரையை ஒட்டி அவருக்கு ஆறு ஏக்கர். செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு நாங்கள் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அவர் புங்க மரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கிணற்றுக்குக் கரண்டு கேட்டு எழுதிப்போட்டு ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார் மனுஷன். ஆபீசர் இந்த வாரம் வருவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தினமும் இரண்டு இளநீர் பறித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்.

பதினொரு மணி இருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் தொப்பி மட்டும் நகர்ந்து வந்தது. அதற்குக் கீழே இருந்த ஆளைக் கரை மறைத்திருந்தது. மேஸ்திரி பொன்னுசாமிதான் முதலில் பார்த்தான். "ஆண்டே, ஆபீசர் வராரு போலக்குது" என்றான்.

இளையபெருமாள் துள்ளி எழுந்தார். தோளில் கிடந்த கரை போட்ட துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். செருப்பைக் கழற்றி விட்டார். நாலடி முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வாங்க சார், வாங்க. காலையிலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். அந்தக் குரல் அவ்வளவு குழைந்து நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கரை மேல் முதலில் தொப்பி ஏறியது. பிறகு முகம் வந்தது, வெற்று மார்பு வந்தது, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கைலி வந்தது. கையில் செடி கட்டுகிற கயிறு. "கும்புடறேன் ஆண்டே" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரித்தது நான்தான். மற்ற பதினாலு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், என்னால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இளையபெருமாள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தலையில இன்னாடா?" என்று அவரைக் கேட்டார்.

"தொப்பி ஆண்டே."

"எறக்குடா நாயே."

அந்த நிமிஷமே எடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டாமா? சாயங்காலம் பொன்னுசாமி எங்கள் வாசலில் வந்து நின்றான். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் எதிரே கூட்டமாம். முருகையன் தொப்பியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் இளையபெருமாள் காலடியில் வைத்து, விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் இந்தச் சுற்று வட்டாரத்தில் எவர் நிலத்திலும் வேலை கிடையாதாம்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு?" என்றேன்.

"அதான், தொப்பி வச்சதுக்கு."

"எறக்குன்னாரு, எறக்கிட்டாரே."

"அது எனக்குத் தெரியாது மீனம்பா. சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன்" என்று போய்விட்டான். அன்று காலையில் ஆபீசர் என்று நம்பி, இளநீர் வெட்டுவதற்கு அரிவாளோடு ஓடி வந்தவன் இவன். இவனுக்குத் தெரியாதாம்.

மூன்று நாள் எங்கள் தெரு முழுக்க வந்து புத்தி சொன்னது. "போயி வுழுந்துட்டு வந்துடு முருகையா. வுழுந்தா தேஞ்சா போயிடுவ?" என்றார்கள். இதே ஆட்கள்தான் முந்தின வாரம் அந்தத் தொப்பியை ஆளுக்கொரு தடவை வாங்கித் தலையில் வைத்து, தண்ணீர்க் குடத்தில் முகம் பார்த்துக்கொண்டவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரைத் துடைப்பத்தைக் காட்டி அனுப்பினேன்.

அவர் என்னவோ கயிறு திரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வச்சிட்டு வந்துடறேன். அறுப்பு சமயம், வேல போனா இன்னா துன்றது?" என்றார்.

"சிரிச்சது நானு. வுழறது நீயா?"

"யாரு வுழுந்தா இன்னா, வுடு."

"நீ வுழுந்தின்னா நான் தொண்டூருக்கு எங்க நைனா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். வேலை போனால் பட்டினி என்பது எனக்கும் தெரியும். ஆனால் செய்யாத தப்புக்கு இவர் மண்ணில் விழுந்து எழுந்தால், அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு நான் எப்படிச் சோறு போடுவேன்? அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை போனோம். கோயிலுக்கு எதிரே பெஞ்சு போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆதிமூலம், இளையபெருமாளுக்கு மாமன் முறை. நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவே வேண்டாம். மல்லாட்டைக்கு விலை பேச வந்த மண்டிக்காரர் அன்வர் பாஷாவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் செஞ்சிக் கடைத்தெருவில் இருப்பவர், எங்கள் சங்கதி அவர் காதுக்குப் போகவில்லை. நாங்கள் தள்ளி, வேப்ப மரத்தடியில் நின்றோம். என் வீட்டுக்காரர் தொப்பியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்துட்டியா? வச்சிட்டு வுழு. நேரமாவுது" என்றார் ஆதிமூலம். என் வீட்டுக்காரரும் முன்னால் நகர்ந்தார்.

"இன்னா தப்புன்னு சொல்லிட்டு வுழச் சொல்லுங்க" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருப் பெண் எவளும் அதுவரை பேசியதில்லை. "வாய மூடு" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. மூடவில்லை. "சிரிச்சது நானு. சிரிச்சது தப்புன்னா என்னிய கேளுங்க. அவரு இன்னா பண்ணாரு?"

அன்வர் பாஷா எங்களுக்காகப் பரிந்து பேச வரவில்லை. அவருக்கு இருட்டுவதற்குள் மூட்டை எடை போட்டாக வேண்டும். பக்கத்தில் திரும்பி, "இன்னாதான் பண்ணான் இவன்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"தொப்பி வச்சான் பாய்."

"நானுந்தான் வச்சிருக்கேன்."

"இது அந்தத் தொப்பி இல்ல. தொர தொப்பி. கைலி மேல வச்சிக்கினு வந்தான்."

"வெயிலுக்கு வச்சிருப்பான். எறக்கச் சொன்னா எறக்க மாட்டேன்னானா?"

"எறக்கிட்டான்" என்றார் ஆதிமூலம்.

"அப்புறம்?"

எல்லாரும் இளையபெருமாளைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தப்பு என்ன என்று சொல்ல வேண்டுமானால், தான் எழுந்து நின்றதை அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஊருக்கே தெரியும், மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தில் எவனும் அதைச் சொல்ல மாட்டான்.

"மரியாத இல்லாம வந்தான்" என்றார் இளையபெருமாள்.

"கும்புடறேன் ஆண்டேன்னுதான சொன்னாரு" என்றேன்.

"ஏமாத்திட்டான்."

"யாரை?" என்றார் அன்வர் பாஷா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இளையபெருமாள் அவர் பக்கம் திரும்பினார். "நான் எழுந்து நின்னேன் பாய்" என்றார். "இந்த நாய்க்கு நான் எழுந்து நின்னேன். துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கினு, கைய கூப்பிக்கினு நின்னேன். மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"தெரியும் ஆண்டே" என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில்தான் பேசினார்.

"நீங்க ஒரு நாளு நின்னீங்க. உங்களுக்குச் சோறு எறங்கல. நான் நடக்கக் கத்துக்கினதுலேர்ந்து நிக்கிறேன் ஆண்டே."

சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வந்த வழியாகப் போகாமல், நேரே ஊர்த் தெரு நடுவில் இறங்கி நடந்தார். தடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

தெரு தாண்டி ஏரிக்கரைக்கு வந்ததும் அவர் நின்றார். "வேல போச்சு" என்றார்.

"போச்சு."

"உனக்குக் கோவம் தீந்துச்சா?"

எப்படித் தீரும்? எனக்கு இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது. "இவ்ளோத்தையும் உள்ள வச்சிக்கினா இத்தன வருசமா நின்ன? எங்கிட்டகூட ஒரு நாளும் சொல்லலியே" என்று அவரைத்தான் திட்டினேன். வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே போனேன்.