லொறிக்குக் காணாத கதவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பக்கத்து வீட்டிலிருந்து காதில் விழுந்தது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பால் ஒரு இயந்திரம் இருமியது, முனகியது, பிறகு உறுமத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து "டொக்" என்று ஒரு சத்தம். அதன்பின் எதுவுமே கேட்கவில்லை. மேற்கு யூலாந்தில் பெரிய துயரங்கள் இப்படித்தான் நடக்கும்.

அந்த அமைதியை வைத்துக் கதை ஒன்று செய்யலாம் என்று நினைத்தேன். நல்ல கதை என்று நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். டென்மார்க்கின் இந்தப் பக்கத்தில் ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் புகழ்ச்சி "அவ்வளவு மோசமில்லை" என்பதுதான். அதற்கு மேல் யாராவது புகழ்ந்தால், அவர் உங்களுக்கு எதையோ விற்க வந்திருக்கிறார்.

தோர்கிலுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. ஊரிடமிருந்து அல்ல, தன் மனைவியிடமிருந்து. அதற்காகத்தான் பல ஆண்டுகளாக ஒரு பழைய படைலொறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் அந்த இரும்புக் குதிரை—" விட்டுவிட்டேன். இரும்புக் குதிரை என்று எழுதுகிறவனை அந்த லொறிக்குக் கீழே படுக்கவைத்து எண்ணெய் மாற்றச் சொல்லவேண்டும்.

"தோர்கில் அன்று காலை கண்விழித்தபோது—" இதுவும் வேண்டாம். எல்லாக் கதைகளிலும் எல்லோரும் காலையில் கண்விழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது இது: தோர்கில் வெண்ணெய்த் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவன், ஓய்வுபெற்றவன். அவன் மனைவி யூத்தே, பள்ளிக்கூடப் பல் மருத்துவ நிலையத்தில் தாதியாக இருந்தவள், அவளும் ஓய்வுபெற்றவள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரில் "யுத்தம்" வந்து ஒட்டிக்கொண்டது தற்செயல். விமர்சகர்கள் நம்பமாட்டார்கள், நம்பாமலிருப்பதுதான் அவர்கள் தொழில்.)

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் பேசுவது யூலாந்துப் பேச்சு. தலைநகரத்தார் அதைக் கேட்டு வாய்க்குள் சிரிப்பார்கள். அதனாலோ என்னவோ, என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது. யூத்தே கணவனை "நீ" என்பாள். மரியாதைக்காக "நீங்கள்" போட்டு ஒரு பக்கம் எழுதிப்பார்த்தேன். தாளுக்குள்ளிருந்து என்னை முறைத்தாள்.

3

லொறி போருக்காகக் கட்டப்பட்டதுதான். ஆனால் அது கப்பலேறி இங்கே வந்து இறங்கும்போது போர் முடிந்து, சுடுவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது. டென்மார்க் படை அதை எடுத்து, முதுகில் இரும்புத் தகட்டால் ஒரு பெரிய பெட்டிக்கூடு கட்டி, ஏதோ ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டது. என்ன வேலை?

"வானொலி வண்டி," என்பான் தோர்கில். "இதுக்குள்ள இருந்துதான் கட்டளை போனது."

இந்த இடத்தில் ஐவின் வருகிறான். அடுத்த ஊர்க்காரன். பழைய படைவண்டி வைத்திருப்பவர்களின் சங்கத்தில் தூய்மைக்கு, அதாவது எல்லாம் அந்தக் காலத்து அசலாக இருப்பதற்கு, பொறுப்பு. அப்படி ஒரு பதவி சங்கத்தில் இல்லை, அவனாக எடுத்துக்கொண்டது.

"இது என்ன பச்சை?" என்று கேட்டான் ஐவின்.

"படைப் பச்சை."

"அது தெரியுது. எந்த வருசத்துப் படைப் பச்சை?"

"லொறி செய்த வருசத்துப் பச்சைதான்."

"இல்லை. இது அடுத்த வருசத்துப் பச்சை."

தோர்கில் சுரண்டினான், பூசினான், மறுபடி சுரண்டினான். மூன்று பச்சைகளையும் வேலிக்கு மேலால் பார்த்தேன். மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்த ஊரில் எனக்கு முட்டைகூட விற்கமாட்டார்கள்.

அடிச்சட்டத்தில் ஒருவர் கண்ணுக்கும் படாத மூலையில் ஒரு திருகாணி. அதன் தலையில் அந்தக் காலத்து எழுத்து பொறித்திருக்க வேண்டுமாம். இல்லை. பெல்ஜியத்தில் ஒருவனிடம் இருப்பதாகத் தகவல் வர, தோர்கில் காரை எடுத்துக்கொண்டு பெல்ஜியம் போனான். ஒரு திருகாணியோடு திரும்பி வந்தபோது, தலைப்பிள்ளையை வைத்தியசாலையிலிருந்து கொண்டுவருகிறவன் முகம் அவனுக்கு.

இத்தனை தூய்மைக்காரன் கடைசியில் ஒரு வேலை செய்தான். பெட்டிக்கூட்டின் தளத்தில் நான்கு பெரிய துளைகள் இருந்தன. பக்கத்தில் குழாய் இறங்கும் சின்னத் துளை ஒன்று. அவற்றின்மேல் புத்தம்புது ஒட்டுப்பலகையை வைத்துத் திருகிவிட்டான். கேட்டால், கால் இடறுமாம்.

(இந்த வகை லொறியின் சத்தம் எனக்கு வேறு விதமாகத் தெரியும். நான் பிறந்த ஊரில் அது வந்தால் ஓடுவோம். இங்கே வந்தால் கை தட்டுகிறார்கள். அதை எழுதப்போனால் கதை என் பக்கம் திரும்பிவிடும். ஆகவே அடைப்புக்குறியை மட்டும் போட்டுவைக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லாமல்: ( ) )

4

கதவுக்கு வருவோம்.

தோர்கிலின் பட்டறை முன்பு வைக்கோல் கொட்டில். பெரிய மரக்கதவு, ஆனால் இடுக்கெல்லாம் மேல்காற்று. அந்தக் குளிரில் பச்சை காயாது, எந்த வருசத்துப் பச்சையானாலும். அதனால் சூடு வெளியே போகாத புதுக் கதவு போட ஆள் வந்தான். அப்போது லொறி எலும்பும் ஓட்டுநரின் முன்கூண்டுமாக நின்றது. பெட்டிக்கூடு தகடு தகடாகக் கழன்று பட்டறையின் வெளிச்சுவரோரம் சாய்ந்திருந்தது, மேலே மட்டும் ஒரு தார்ப்பாய்.

கதவுக்காரன் கேட்டான்: "உயரம் காணுமோ?"

தோர்கில் லொறியைப் பார்த்தான். "காணும்."

(எங்கள் பேச்சில் "காணும்" என்றால் போதும். "காணாது" என்றால் போதாது. யூலாந்துக்காரர்களிடமும் இதே அளவில் ஒரு சொல் இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா, மருமகன் சரியில்லையா, வைத்தியர் முகத்தைச் சுளித்தாரா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அதைச் சொன்ன பிறகு அளவுநாடாவை எடுப்பது மரியாதையில்லை.)

புதுக் கதவு வந்தது. அதன் பிறகு தோர்கில் உள்ளே நின்றபடி, தகடு தகடாக, அன்பாக, பெட்டிக்கூட்டை லொறியின் முதுகில் ஏற்றிக் கட்டினான். ஊரில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள். கதவையும் பார்த்தார்கள், கூட்டையும் பார்த்தார்கள். தோர்கிலுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்தவன் வேலையில் வாய் வைப்பது இங்கே திருட்டுக்கு அடுத்தபடி.

5

ஜெர்மானியப் படையிடமிருந்து டென்மார்க் மீண்ட விடுதலை நாளுக்கு முதல்நாள் அது. மாலையில் ஜன்னல்களில் மெழுகுதிரி, மறுநாள் நகரத்தில் ஊர்வலம், அதில் தோர்கிலின் லொறி. ஐவின் தன் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இயந்திரம் பிடித்தது. லொறியின் மூக்கு வெயிலுக்கு வந்தது, முன்கூண்டு வந்தது. பிறகு நான் சமையலறையில் கேட்ட அந்த "டொக்".

பாதி உள்ளே, பாதி வெளியே. வளைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் உடும்பு மாதிரி நின்றது.

அயலார் வந்தார்கள், காற்சட்டைப் பைகளுக்குள் கைவிட்டபடி. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தோர்கில் தாங்கியிருப்பான்.

"சில்லுக்குக் காத்தைத் திறந்து பாப்பமோ?" என்றான் ஐவின்.

"ஒரு முழத்துக்குக் காத்துத் திறக்கேலாது," என்றான் தோர்கில்.

"ம். காணாதுதான்."

எல்லோரும் தலையசைத்துக் கலைந்தார்கள். தோர்கில் சமையலறைக்குள் போனான். யூத்தே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

"என்னது?"

"கதவு."

"ஓம்."

"எப்ப துவக்கம்?"

"போட்ட அண்டைக்கே."

"ஏன் சொல்லேல்லை?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்." அடுத்த துண்டை வெட்டினாள். "நீ கேக்கவும் இல்லை."

6

இங்கே எனக்குப் பேனா நின்றுவிட்டது. இது பதில் அல்ல. ஊருக்குப் பொருந்தும் பதில். ஒரு வீட்டுக்குள் இருப்பவளுக்குப் பொருந்தாது.

முதலில் அவளைப் பொல்லாதவளாக எழுதினேன்: கணவன் தலை குனிவதைப் பார்க்கக் காத்திருந்தவள். பிறகு நல்லவளாக எழுதினேன்: வேலை முடிந்தால் அவன் சோர்ந்துபோவான் என்று, முடியாமலிருக்க மௌனமாக இருந்தவள். நல்லவள் பொல்லாதவளைவிடச் சலிப்பூட்டினாள். இரண்டையும் கிழித்துவிட்டு அவளிடமே கேட்டேன். எழுத்தாளனுக்கு அந்தச் சலுகை உண்டு.

"உண்மையான காரணம் என்ன, யூத்தே?"

"அந்த அஞ்சு துளையும் சுவரோரம் சாய்ஞ்சு கிடந்தது. நான் உடுப்புக் காயப்போடப் போகேக்கையெல்லாம் பாப்பன். நாலு துளை ஆள் சாய்ஞ்சு இருக்கிற கதிரைக்கு. சின்னது துப்புற கிண்ணத்துக்கு. வானொலி எங்கையாவது எச்சில் துப்புமோ?"

"அப்ப அது..."

"பல்லு வைத்தியற்ற லொறி. படைப்பெடியளுக்குப் பல்லுப் பிடுங்கினது. அது அவனுக்கும் நல்லாத் தெரியும். ஐவின் சிரிப்பான் எண்டு முதல் வானொலி எண்டான், பிறகு பலகையைப் போட்டு மூடிட்டான். நான் ஆயுசு முழுக்கச் செய்த வேலை அது. அது அவனுக்கு மூடுற சாமான்."

"அவனிட்டைக் கேட்டிருக்கலாமே."

"எத்தினை பிள்ளையளின்ர வாயைத் திறக்க வைச்சனான். இவன்ர வாயைத் திறக்க ஏலேல்லை. அவன் ஒண்டைச் சொல்லேல்லை, நானும் ஒண்டைச் சொல்லேல்லை."

எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. தோர்கில்மேல் கோபமும் வந்தது. பச்சைக்காக மூன்று தடவை பூசியவன், திருகாணிக்காக நாடு தாண்டியவன். அந்த லொறியில் கலப்படமே இல்லாமல் மிஞ்சியிருந்தது அந்த ஐந்து துளைகள்தான். அதைப் போய் மூடினான்.

7

முடிவுகள் கைவசம் உண்டு. விருப்பமானதை எடுக்கலாம், அல்லது எடுக்காமல் விடலாம்.

அ. தோர்கில் சம்மட்டியை எடுத்துக் கதவுக்கு மேலுள்ள சுவரை உடைக்கிறான். லொறி பாய்கிறது. நகரம் முழுக்கக் கொடி, வாத்தியம். கூட்டத்தில் யூத்தே கண்ணைத் துடைத்து— வேண்டாம். அந்தச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. எனக்குக் கொத்துவேலை கொஞ்சம் தெரியும்.

ஆ. பெட்டிக்கூட்டைக் கழற்றிவிட்டு மொட்டை லொறியாகப் போகிறான். ஐவின் மகிழ்கிறான்: "இப்பதான் சரியான உருவம்." ஐவின் மகிழும் முடிவை நான் எழுதமாட்டேன்.

இ. நான் நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய், கதவை ஒரு முழம் உயர்த்தி எழுதிவிடலாம். ஒரு சொல் மாற்றினால் லொறி தாராளமாக வெளியே வரும். பலகை அப்படியே கிடக்கும். யூத்தேயும் அப்படியே இருப்பாள். ஆகவே உயர்த்தமாட்டேன்.

8

விடுதலை நாள் காலை. நகரத்திலிருந்து வாத்தியச் சத்தம் காற்றில் வந்து வந்து போகிறது. ஐவினின் ஜீப் போய்விட்டது. லொறி அதே இடத்தில், மூக்கில் வெயில், முதுகில் இருட்டு.

தோர்கில் பட்டறைப் பக்கமாகக் கூட்டுக்குள் ஏறி, முழங்காலில் இருந்து, பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. லொறி சிக்கியதற்கல்ல, யூத்தேயின் வேலையை மூடிவைத்ததற்கு. பலகையைத் தூக்கி வெளியே எறிந்தான்.

அவன் தூக்கிவிட்டான். நான் மூன்றாம் பகுதியில் ஒன்றை மூடிவைத்திருக்கிறேன். இனியும் அப்படி விட்டால் அவனைப் பரிகசிக்க எனக்கு முகமில்லை.

(லொறிச் சத்தம் கேட்டால் அம்மா முதலில் அடுப்பை அணைப்பாள். வீட்டில் ஆள் இருப்பதைப் புகை காட்டிக்கொடுத்துவிடும்.)

காணும். தோர்கிலிடம் திரும்புவோம்.

யூத்தே கோப்பி கொண்டுவந்தாள். இத்தனை ஆண்டுகளும் பட்டறை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். இன்று படியைத் தாண்டினாள். கூட்டின் பின்புறம் வந்து நின்று தளத்தைப் பார்த்தாள்.

"இதில கதிரை இருந்தது," என்றான் தோர்கில். துளைகளைத் தொட்டுக் காட்டினான். "பல்லுக் கதிரை. வானொலி இல்லை."

அவள் கோப்பியை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஏறினாள். கதிரை இருந்த இடத்துக்கு வலப்பக்கமாக, கொஞ்சம் பின்தள்ளி, போய் நின்றாள். தாதி நிற்கும் இடம் அது. துளைகளைப் பார்த்தாள். தகடுகளைப் பார்த்தாள், திருகாணிகளைப் பார்த்தாள், பச்சையையும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தோர்கிலுக்கு அந்த உச்சப் புகழ்ச்சிச் சொல் வேண்டும். வாய்விட்டு அழுதுவிடும் அளவுக்கு வேண்டும்.

அவள் வாயைத் திறக்கிறாள்.

வாசகரே, இந்த இடத்தில் நான் இறங்கிக்கொள்கிறேன். அவள் சொல்வதை நான் எழுதினால் அது என் சொல்லாகிவிடும். தோர்கிலுக்கு அது உதவாது. நீங்கள் சொல்லுங்கள். நீட்டவேண்டாம், இது யூலாந்து.

இரண்டு சொல் காணும்.