இரும்புப் படியில் ஒரு கச்சேரி

பாடகி ஐடெல்லா மோஸ்பி உடை மாற்றிக்கொள்ள அவர்கள் ஒதுக்கியது கொதிகலன் அறையை. பிரைசன் நகர மண்டபத்தில் பாடகர்களுக்கென்றே இரண்டு நல்ல அறைகள் உண்டு. ஆனால் இரண்டிலும் கழிப்பறை இருந்தது. அந்த நாளில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வெள்ளைக்காரர் உட்காரும் இடத்தில் கறுப்புப் பெண் உட்காரக் கூடாது. ஆகவே அறையும் கிடையாது. கரி மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, ஒரு நாற்காலியும் கைக்கண்ணாடியும் வைத்திருந்தார்கள். பச்சைப் பட்டு கவுன் கரியில் படாமல் ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடியே அவள் தலை வாரினாள்.

இதற்கெல்லாம் அவள் கோபப்படவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இதைவிட மோசமான அறைகளைப் பார்த்தாயிற்று. போன வசந்தத்தில் ஐரோப்பாவில் ஐந்து நகரங்களில் பாடி, மேடை கொள்ளாத பூக்களைப் பெற்றுக்கொண்டு திரும்பியவளுக்கு, இறங்கிய துறைமுகத்தில் ஒரு காபி கொடுக்க ஆளில்லை. இந்த ஊருக்கு வர ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் இங்கே வாழும் தங்கை வெர்லீன். அக்கா கச்சேரி மேடையில் பாடி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வரும் முன்பே மண்டபத்தின் நிர்வாகி பிராதரிடம் ஐடெல்லா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதென்றால் பிரியுங்கள், ஆனால் முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை இடது பாதி என் மக்களுக்கு வேண்டும் என்று. அப்படியே செய்கிறோம் என்று பிராதர் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார்.

தலை வாரிக்கொண்டே அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மழை. மண்டபத்தின் பின்சுவரில் ஒட்டிப் போகும் இரும்புப் படியில் அவள் மக்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள் நனைந்து தொங்கின. தீப்பிடித்தால் இறங்குவதற்காக வைத்த படி அது. பால்கனியில் போய் முடியும். பாதி வழியில், எட்டு மாத வயிற்றைக் கையில் தாங்கி, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள் வெர்லீன்.

ஐடெல்லா சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பிராதரைக் கூப்பிட்டனுப்பினாள்.

கடிதத்தில் அவர் அவளை 'மதிப்பிற்குரிய மிஸ் மோஸ்பி' என்று அழைத்திருந்தார். நேரில் வந்தபோது மிஸ்ஸும் இல்லை, மதிப்பும் இல்லை.

"இங்க பாரு ஐடெல்லா, நான் என்ன செய்யட்டும்? கீழ உங்க ஆளுங்க உட்கார்ந்தா டிக்கெட் வாங்கினவங்க எழுந்து போயிடுவாங்க. பால்கனியிலயும் நல்லாத்தானே கேக்கும்?"

"நல்லா கேக்குமா?"

"ரொம்ப நல்லா. ஒரு குறையும் இல்ல."

முடிவில் பருத்திக்காட்டில் உங்கள் ஆட்கள் பாடிய பழைய பக்திப் பாட்டு இரண்டைப் பாடிவிடு, எங்கள் ஆட்களுக்கு அதுதான் உயிர் என்றும் சொல்லிவிட்டு அவர் போனார்.

பியானோ வாசிக்கும் கிளைட்டஸ் வேர் பன்னிரண்டு வருடமாக அவளோடு இருப்பவர். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா என்று கேட்டார். போகத்தான் அவளுக்கும் கால் துடித்தது. ஆனால் போனால் யாருக்கு நஷ்டம்? மழையில் நனைந்து ஏறினவர்களுக்கு. கிளைட்டஸை மேடைக்குப் போய் முதல் பாட்டைத் தொடங்கச் சொன்னாள். கவுனை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

இரும்புப் படியின் அடியில் ஒரு போலீஸ்காரன் நின்றிருந்தான். மேடை அந்தப் பக்கம் என்று கைகாட்டினான்.

"இது கறுப்பருக்கான படிதானே?" என்றாள் ஐடெல்லா.

"ஆமா."

"என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவன் படியை விட்டு நகர்ந்தான். அவளைத் தடுக்க அவன் கையில் சட்டம் இல்லை. அவளை அங்கே அனுப்பியதே சட்டம்தான்.

பால்கனிக் கதவைத் தள்ளி உள்ளே போனபோது கிளைட்டஸ் வாசித்துக்கொண்டிருந்தார். யாரோ அவளுக்கு வழிவிட்டார்கள், யாரோ அழுதார்கள். வெர்லீன் அவள் நனைந்த கையைப் பிடித்து, "ஏன்க்கா, உனக்கும் மேடையில எடம் குடுக்கலையா?" என்று காதில் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கைப்பிடிச் சுவருக்குச் சற்றுத் தள்ளி, கீழே இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டி, தன் மக்களைப் பார்த்து நின்று ஐடெல்லா பாடினாள். ஐரோப்பாவில் பாடிய அதே ஜெர்மன் பாட்டுகள், ஒன்றுகூடக் குறையாமல். பள்ளி ஆசிரியர்களும் மரவாடித் தொழிலாளிகளும் துணி வெளுக்கும் பெண்களும் கேட்டார்கள். கீழே அறுநூறு கழுத்துகள் பின்னால் திரும்பின. பிராதர் மேடை விளக்கை மட்டும் விட்டு, அவள் தெரியாமலிருக்க மற்றவற்றை அணைத்தார். அவள் இருட்டில் பாடினாள். கோபம் குரலை நடுங்கவைக்கும் என்று பயந்திருந்தாள். அது அடிவயிற்றிலிருந்து குரலைத் தூக்கிக் கொடுத்தது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கீழே கைதட்டல் வெடித்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இதையும் ஒரு வேடிக்கையாக ரசித்துவிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பருத்திக்காட்டுப் பாட்டு, பருத்திக்காட்டுப் பாட்டு என்று தரையைக் காலால் தட்டிக் கேட்டார்கள்.

அவள் முதன்முறையாகக் கீழே திரும்பினாள்.

"அதெல்லாம் நாங்க எங்க சர்ச்சுல பாடறது," என்றாள். "கேக்கணும்னா அங்க வாங்க. முன்வாசல் வழியாவே வரலாம். எங்க வேணும்னாலும் உட்காரலாம். யாரும் உங்கள எழுப்ப மாட்டோம்."

கைதட்டல் நின்றது. நாற்காலிகள் சத்தத்தோடு மடங்கின. பாதி மண்டபம் எழுந்து போனது.

மறு வாரமே ஆறு ஊர்கள் அவள் கச்சேரியை ரத்து செய்தன. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. ஆனால் பிரைசன் பள்ளிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வெர்லீனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியை ஐடெல்லா தொலைபேசியில் தங்கையிடமிருந்தே கேட்டாள். நான் பாடினேன், நீ பட்டாய் என்றாள்.

"நாலு மாசமா உள்ளேர்ந்து ஒருத்தி உதைக்கிறா," என்றாள் வெர்லீன். "இவங்க உதைக்கறது எனக்கு வலிக்கும்னா நினைக்கிற? நீ மட்டும் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுடாதக்கா. கேட்டேன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன்."

ஐடெல்லா மன்னிப்பு கேட்கவில்லை. தங்கையையும் அவள் கணவனையும் வடக்கே தான் இருந்த பிலடெல்பியாவுக்கு வரவழைத்துக்கொண்டாள். யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று இல்லாத மண்டபத்தில் பாட மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் முதல் வரியாகவே எழுதவைத்தாள். தெற்கே ஏழு வருடம் ஒரு பெரிய மண்டபமும் அவளை அழைக்கவில்லை. புகையிலைக் கிடங்குகளிலும் பள்ளி விளையாட்டுக் கூடங்களிலும் பாடினாள். இன்னும் கோபம்தானா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, தணிய வேண்டியது என் கோபமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.