நீச்சல்குளம் இன்று மூடல்

“அப்பாவுக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டா போதும். வண்டியோட வாசல்ல வந்து நிப்பாரு.”

மெரடித் இதைச் சொன்னபோது தலையைத் தூக்கவில்லை. சோபாவில் தலைகீழாகப் படுத்து, கால்களைச் சுவர்மேல் போட்டு, போனை மூக்குக்கு நேரே பிடித்திருந்தாள். பதினாறு வயசு. மிரட்டலைக்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லத் தெரிந்த வயசு.

கர்ட் வாணலியில் முட்டையைப் புரட்டினான். மஞ்சள் கரு உடைந்தது.

“இன்னிக்கு மேகமே இல்ல. குளம் திறந்திருக்கும்,” என்றான்.

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

சொன்னான்தான். ஆனால் ஒர்லாண்டோவின் ஜூலை மாத வானத்தை யாரால் நம்ப முடியும்? ஒரு இடி கேட்டால் போதும், விடுதிக்காரர்கள் விசில் ஊதி எல்லாரையும் குளத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் சத்தமே வரக்கூடாது. வந்தால் மறுபடி முதலிலிருந்து அரை மணி. நேற்று துண்டைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் காத்திருக்க, அரை மணி முடியப்போகும் நேரம் பார்த்து எங்கேயோ ஒரு மேகம் தொண்டையைச் செருமியது. மெரடித் எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

நேற்று இடி. அதற்கு முந்தின நாள் பிங்கோ. பரிசாக ஒரு சாவி வளையம். பிறகு சட்டைக்குச் சாயம் போடும் வகுப்பு. அவள் தம்பி கோல்பியின் கை இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது. குட்டி கோல்ஃப் ஆட்டத்தை மெரடித் மூன்றாவது குழியிலேயே முடித்துக்கொண்டாள்.

“தீம் பார்க் மட்டும் வேண்டாம் கர்ட்,” என்று பிள்ளைகளின் அம்மா டெனிஸ் கிளம்புமுன்பே சொல்லியிருந்தாள். “அங்க போனா ஆளாளுக்கு வரிசையில நின்னு போனைத்தான் பாப்போம். ரிக் பத்து வருஷமா பிள்ளைங்களை அப்படித்தான் வளர்த்தாரு. நீ அவங்களோட பேசிப் பாரு.”

ரிக் அவளுடைய முதல் கணவன். டாம்பாவில் இருக்கிறான். எல்லா தீம் பார்க்குக்கும் வருடாந்திர அனுமதி அட்டைகள் அவன் வண்டி டாஷ்போர்டில் தயாராகக் கிடக்கும்.

கர்ட் இரண்டாவது கணவன். கல்யாணமாகி மூன்று மாசம். மினசோட்டாவில் ஏரிக்கரை வீடு, படகு பழுதுபார்க்கும் கடை. ஆகஸ்டில் டெனிஸும் பிள்ளைகளும் அங்கே குடிவருவதாகப் பேச்சு. ஆனால் டெனிஸ் அதில் ஒரு கொக்கி போட்டிருந்தாள்.

“பிள்ளைங்க வரமாட்டேன்னா நானும் வரல. இழுத்துட்டு வர்றதுக்கு அவங்க என்ன பெட்டியா?”

டெனிஸ் நர்ஸ். பகல் முழுக்க அவளுக்கு இங்கே நர்ஸுகள் மாநாடு. சனிக்கிழமைவரை பிள்ளைகள் கர்ட்டின் பொறுப்பு. சனிக்கிழமை அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதுதான் அவனுடைய கல்யாணத்தின் கதி.

பால்கனியில் கோல்பி கம்பிமேல் முகவாயை வைத்து நின்றிருந்தான். பதிமூன்று வயசு. வந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறான். கட்டடத்துக்குப் பின்னால் கோல்ஃப் மைதானம், அதன் நடுவே பச்சையாக ஓர் ஏரி.

“அப்படி என்னடா பாக்கற?”

“ஒண்ணுமில்ல.”

“ஏரி நல்லா இருக்குல்ல?”

கோல்பி அவனை ஒரு மாதிரி பார்த்தான். “அடுத்த ரூம் ஆளு தினமும் அதுக்குள்ள வெள்ளையா என்னத்தையோ தூக்கிப் போடறாரு.”

“வாத்துக்கு ரொட்டியா இருக்கும்.”

“ம்,” என்றான் கோல்பி. விட்டுவிட்டான்.

“இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம்,” என்றாள் மெரடித் சோபாவிலிருந்து. “இன்னிக்கும் வெட்டியா போச்சுன்னா அப்பாவுக்கு மெசேஜ். அவ்வளவுதான்.”

* * *

அன்று வானம் ஏமாற்றவில்லை.

குளத்தில் தண்ணீர் பளிங்காக இருந்தது. கோல்பி சறுக்கலில் நாலைந்து தடவை ஏறி இறங்கினான். மெரடித்கூடப் போனைத் துண்டுக்கடியில் மறைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். “கர்ட், நீங்க மூச்சடக்குவீங்களா?” என்று அவளாகவே கேட்டாள். முதல் கேள்வி! கர்ட் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான். அடியில் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணினான். அவர்கள் வாயைப் பிளக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது.

எழுந்தபோது குளத்தில் அவன் மட்டும்தான் இருந்தான்.

விசில் அலறிக்கொண்டிருந்தது. ஜனம் மொத்தமும் கரையில். லைஃப்கார்டு பையன் நீளக் குச்சியில் கட்டிய வலையோடு ஓடிவந்தான். மிதவை வளையத்துக்குள் உட்கார்ந்த ஒரு கைக்குழந்தை பொக்கைவாய்ச் சிரிப்பு சிரித்தது. அதன் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஐயே!” என்று கத்தினான் கோல்பி. “கர்ட், வெளிய வாங்க! பாப்பா கக்கா போயிடுச்சு!”

மைக் பிடித்த பெண் உற்சாகம் குறையாமல் அறிவித்தாள். “நண்பர்களே, சுத்தம் செய்யறதுக்காகக் குளம் நாளைக் காலைவரை மூடல்! இதோ, நிழல்ல வினாடி வினா ஆரம்பிக்குது!”

மெரடித் துண்டுக்கடியிலிருந்து போனை எடுத்தாள். கட்டைவிரல் இரண்டும் ஓடின.

“மெரடித், சாயங்காலம்வரைன்னு சொன்னியே...”

“அப்பா கிளம்பிட்டாரு.”

கர்ட்டின் காதில் இன்னும் தண்ணீர் அடைத்திருந்தது. ஆனாலும் அது தெளிவாகவே கேட்டது.

டாம்பாவிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன இருக்கிறது கையில்? சாயங்காலம் நெருப்பு மூட்டி வாட்டித் தின்ன வாங்கிய, வெள்ளை உருண்டையாக இருக்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாய் பாக்கெட். சாக்லேட். பிஸ்கட். ஒரு பை நிறையச் சின்னப்பிள்ளை விஷயங்கள்.

கட்டடங்களுக்கு இடையில் அந்தப் பச்சைத் தண்ணீர் மினுக்கியது.

ஏரி!

மடத்தனம், இது ஏன் முதல் நாளே தோன்றவில்லை? ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்தவன் அவன். ஊரில் ஐஸ் உருகிய மறுநாளே மரப்பாலத்திலிருந்து குதிக்கிற முதல் ஆள். போயும் போயும் குளோரின் தொட்டிக்காக இரண்டு நாள் காத்துக் கிடந்தானே!

“வாங்க ரெண்டு பேரும். உண்மையான நீச்சல்னா என்னன்னு காட்டறேன்.”

அவன் விறுவிறுவென்று நடந்தான். பையைக் கோல்பி தூக்கிவந்தான். மெரடித் ரொம்பப் பின்னால், போனில் அப்பாவின் வண்டிப் புள்ளி வரைபடத்தில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கரையில் ஒரு சின்ன மரப்பாலம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, இரும்பு ஏணியோடு. அச்சு அசல் ஊர்போலவே. பாலம் தொடங்கும் இடத்தில் ஏதோ எச்சரிக்கைப் பலகை. கர்ட் அதைப் படிக்கவில்லை. அவன் ஊர் ஏரியிலும் ‘ஐஸ் மெலிது, இறங்காதீர்’ என்று பலகை உண்டு. வருஷம் பூரா நிற்கும். அதைத் தாண்டித்தான் ஊரே வண்டியை ஐஸ்மேல் ஓட்டிக்கொண்டு போய் மீன் பிடிக்கும். பலகை வைப்பது வைக்கிறவன் வேலை.

துண்டை அதன்மேல் போட்டான். ஓடினான். குதித்தான்.

* * *

“கர்ட் எங்க?” என்றாள் மெரடித்.

கோல்பி விரலை நீட்டினான்.

ஏரியின் நடுவில் கர்ட் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். கையை ஆட்டினான். “வெந்நீர் மாதிரி இருக்கு! ஷவர் தோத்துது போங்க! குதிங்க!”

மெரடித் பலகைமேலிருந்த துண்டை உருவினாள். வாயைப் பிளந்த முதலைப் படம். கீழே கொட்டை எழுத்தில் நீந்தாதே என்று.

“இந்த ஆளு... ஏரிக்குள்ள... ஃப்ளோரிடால...” என்றாள் மெரடித்.

எதிர்க்கரைப் புல்லில் கிடந்த ஒரு மரக்கட்டை அப்போது எழுந்தது. அவசரமே இல்லாமல் சரிந்து தண்ணீருக்குள் போனது. சத்தம் இல்லை. ஒரு கணம் கழித்துத் தண்ணீர்மேல் இரண்டு புடைப்புகள். அவற்றுக்குப் பின்னால் ‘வி’ வடிவில் ஒரு கோடு. கோடு நேராகக் கர்ட்டை நோக்கி வந்தது.

“கர்ட்!” மெரடித்தின் கத்தல் கோல்ஃப் மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். “முதலை! தண்ணிய அடிக்காத! மெதுவா வா! திரும்பிப் பாக்காத, என்னையே பாரு!”

கர்ட் திரும்பிப் பார்த்தான்.

அவன் உடம்பில் இருந்த சூடு மொத்தமும் அந்த வெந்நீரில் கரைந்துபோனது.

“என்னைப் பாருன்னேன்! தவளை மாதிரி வா, கையை வெளிய எடுக்காத!”

கோல்பி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தான். பாலத்துக்கு அல்ல, எதிர்ப்பக்கம், கரையோரமாக. ஓடிக்கொண்டே பல்லால் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைக் கிழித்தான். ஒரு கைப்பிடி அள்ளி வீசினான். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீரில் பொத் பொத்தென்று விழுந்தன.

“இங்க வா!” என்று கத்தினான். “தினமும் தின்னுறல்ல? இந்தா! இங்க!”

கோடு நின்றது.

மறுபடி ஒரு கைப்பிடி. இன்னும் தள்ளி.

இரண்டு புடைப்புகளும் யோசித்தன. மெல்லத் திரும்பின. ஒரு மார்ஷ்மெல்லோ காணாமல்போனது. பிறகு இன்னொன்று.

கர்ட்டின் விரல் ஏணிக் கம்பியைத் தொட்டது. மெரடித் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றிருக்க வேண்டும். பாலத்துப் பலகையில் குப்புற விழுந்தான். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அதை விட அருமையான வலி உலகத்தில் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

“அறிவிருக்கா உனக்கு?” மெரடித் அழுதுகொண்டே அவன் முதுகில் அடித்தாள். “இங்க பால்குடிக்கற குழந்தைகூட ஏரியில கால் வைக்காது! அம்மாகிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்? என்ன சொல்லியிருப்பேன் சொல்லு!”

கோல்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான், காலிப் பாக்கெட்டோடு.

“உங்க ஊர் ஏரியில என்னதான் இருக்கும்?”

“மீன்.”

“வேற?”

கர்ட் யோசித்தான். “பெரிய மீன்.”

கோல்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. மெரடித் முறைத்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை. மூன்று பேரும் அந்தப் பாலத்தின்மேல் உருண்டு உருண்டு சிரித்தபோது ஒரு கோல்ஃப் வண்டி வந்து நின்றது. காவலாளி இறங்கினான். தண்ணீரில் மீதி மிதந்த வெள்ளை உருண்டைகளையும், கோல்பியின் கையையும் பார்த்தான்.

“முதலைக்குத் தீனி போட்டது யாரு? இந்த மாநிலத்துல அது குற்றம், தெரியும்ல?”

கர்ட் கோல்பியின் கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கினான். “நான்தான்.”

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தான். சொட்டச் சொட்ட ஈரம். “நீந்தினதும் நீதானா?”

“அதுவும் நான்தான்.”

“எந்த ஊரு?”

“மினசோட்டா.”

காவலாளி பெருமூச்சு விட்டான், எல்லாம் விளங்கிவிட்டதுபோல. பெயரை எழுதிக்கொண்டான். “முதலை பிடிக்கறவருக்குச் சொல்லணும். தீனிக்குப் பழகினதை இங்க விட்டு வைக்க முடியாது. இன்னொரு தடவை உன்னை இந்தப் பக்கம் பாத்தேன், பெட்டியைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“அடுத்த ரூம் ஆளும் போடறாரு. மூணாவது மாடி,” என்றான் கோல்பி. “நான் தினமும் பாக்கறேன்.”

* * *

ரிக்கின் வெள்ளை வண்டி வாசலில் நின்றது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலில் முழங்கை. “ஏறுங்கடா செல்லங்களா! மழை வர்றதுக்குள்ள ரெண்டு ராட்டினமாவது ஏறிடலாம்!”

கோல்பி ஜன்னலில் தொங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னான். அவன் வாயில் முதலை லாரி நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ரிக் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றினான்.

“இந்த ஆளை நம்பியா உங்கம்மா உங்களை விட்டுட்டுப் போனா? டெனிஸுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல,” என்றான் கர்ட். “சாயங்காலம் நானே சொல்றேன்.”

“சொல்லு, சொல்லு. அதோட முடிஞ்சுது உன் மினசோட்டா.”

ரிக் சொன்னதில் தப்பு எதுவும் கர்ட்டுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் பெட்டியை எடுத்துவரத் திரும்பினான்.

“எங்க போற?” என்றாள் மெரடித்.

“உங்க சாமான்...”

“உங்க ஊர் ஏரியிலயும் பலகை இருக்கும்ல? அதையும் நீ மதிச்சதில்லையா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூட?”

“இல்ல.”

மெரடித் அவன் சிராய்த்த முழங்காலைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் தலையை விட்டு அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். “ஸாரிப்பா. வீணா அலைய விட்டுட்டேன். அடுத்த வாரம் வரேன், அப்ப நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி. இப்ப இந்த ஆளைத் தனியா விட முடியாது.”

ரிக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். கோல்பி ஏற்கெனவே வண்டியை விட்டு விலகிக் கர்ட்டின் பக்கத்தில் போய் நின்றிருந்தான். வண்டி வட்டமடித்து வெளியேறியது.

அறைக்குத் திரும்பும் வழியில் மெரடித் போனைப் பார்த்தபடியே கேட்டாள். “உங்க வீட்ல எனக்குத் தனி ரூமா, இவனோடயா?”

“தனி. ஏரியைப் பாத்த மாதிரி.”

“அங்க முதலை வராதுல்ல?”

“வந்தா முதல்நாளே விறைச்சுப் போயிடும்.”

இருட்டும் நேரத்துக்கு டெனிஸ் வந்தாள், கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்க. நெருப்புக்குழியைச் சுற்றி மூன்று பேர். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இருந்தன. மார்ஷ்மெல்லோ மட்டும் இல்லை. யார் கையிலும் போன் இல்லை என்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

“அட! என்ன பண்ணீங்க இன்னிக்கு?”

கோல்பி பிஸ்கட்டை வாய் நிறைய அடைத்துக்கொண்டான். மெரடித் கர்ட்டின் முழங்கையை இடித்தாள்.

“நீயே சொல்லு.”

கர்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “முதல்ல நீ உக்காரு டெனிஸ்,” என்றான்.