எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க

துரையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதற்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போர்வையோடு சேர்த்துப் பிடித்து மாடி ஏற்றினார்கள். சோபாவில் முன்னங்கால்களைக் குறுக்கே போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏற இறங்கப் பார்க்கிற நாய் என்பதால் வந்த பெயர் அது. இப்போது துரையின் நாக்கு வாயோரத்தில் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

முன்னால் நாலைந்து சின்னப் பற்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள்.

"வேர் வரைக்கும் சீழ் பிடிச்சிருந்துச்சும்மா," என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார் டாக்டர். "ரொம்ப மாசமாவே வலிச்சிருக்கும். கீழ்த்தாடை எலும்பு அட்டை மாதிரி மெலிஞ்சு போச்சு. எதையும் கடிக்க விடாதீங்க, எங்கயும் முட்ட விடாதீங்க. தையல் பிரிஞ்சுதுன்னா சிக்கல்."

"சாப்பிடாமத்தான் கிடந்துச்சு. நான் வேற ஏதோன்னு நினைச்சுட்டேன்."

அந்த வேற ஏதோ என்னவென்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்கும். புருஷன் வீட்டைவிட்டுப் போன பிறகுதான் துரை தட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிறவள், அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கும் அவர் ஞாபகம்தானா?" என்று கேட்டுக்கொண்டே தானும் பட்டினி கிடப்பாள். வீட்டில் ஏங்குவதற்கு இன்னொரு ஜீவனும் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. அது வெறும் பல்வலி. லென்ஸில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண்ணுக்கு, மடியில் கிடந்த முகம் வீங்கியது தெரியவில்லை.

மத்தியானம் மயக்கம் விட்டது. அதற்குப் பிறகுதான் துரை அழத் தொடங்கியது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. மூடிய அறைக்குள் யாரோ கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவது மாதிரி ஒரே சுருதியில் ஒரு முனகல். காயத்தைப் பிறாண்டாமலிருக்கக் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் புனல் நாற்காலிக் காலில் இடித்தது, கட்டிலில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் குரல் உடைந்து மேலே ஏறியது. எச்சிலோடு இளஞ்சிவப்பாக ரத்தமும் வடிந்து தரையெல்லாம் கோடு போட்டது.

அவள் நாற்காலிகளையெல்லாம் சமையலறைக்குள் தள்ளினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். குளிர்ந்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என் தங்கமில்ல, என் ராசா இல்ல, கொஞ்சம் படுடா," என்று அதன் பின்னாலேயே மண்டியிட்டுப் போனாள். தடவப் போன கையை விட்டு அது விலகி விலகி நடந்தது. கடைசியில் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு, கால் நடுங்க நடுங்க, உட்காரத் தெரியாதது மாதிரி நின்றது.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"மருந்தைக் கூட்ட முடியாதும்மா. கிட்னி ஏற்கனவே சரியில்ல. சாயங்காலம் அடுத்த வேளை குடுங்க. அதுவரைக்கும், நல்லாப் பழகின ஆள் யாராவது பக்கத்துல உட்கார்ந்தா அடங்கும்."

"நான்தானே உட்கார்ந்திருக்கேன்."

"பாருங்க... வேற யாராச்சும் இருந்தா," என்றார் டாக்டர்.

வேறு யார் என்று அவளுக்குத் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. செத்தாலும் இந்த எண்ணைக் கூப்பிட மாட்டேன் என்று தங்கையிடம் தலையில் அடித்துச் சொன்னவள் அவள். துரை கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு முனகியது. கூப்பிட்டாள்.

"என்னங்க," என்று நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது. சுதாரித்துக்கொண்டு, "துரைக்கு வாயில ஆபரேஷன். வலி தாங்காம கத்துது. என்கிட்ட வர மாட்டேங்குது. ஒரு நடை வந்துட்டுப் போங்க. எனக்காகக் கேக்கல," என்றாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே வந்தான். விரலிடுக்கில் கிரீஸ் கூடப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று விருந்தாளி மாதிரி தயங்கினான். அதற்குள் துரை அவன் மேல் சாய்ந்துவிட்டது. அதன் வாலாட்டலில் பின்பாதி உடம்பே ஆடியது. வலியில் கத்திக்கொண்டே வாலை ஆட்டியது.

"என்னடா துரை, பல்லெல்லாம் போய்க் கிழவனாயிட்டியாடா?"

அவன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். புனலோடு சேர்த்துத் தலையைத் தொடையில் வாங்கி, காதுக்குப் பின்னால் கட்டைவிரலால் மெல்ல வட்டம் போட்டான். முனகல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றே விட்டது. அவள் எதிர்ச்சுவரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் கேட்டுக் கெஞ்சிய தூக்கம் அந்தத் தொடையில் இவ்வளவு சுலபமாக வந்தது.

"நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்றான் அவன்.

"நீங்க இதைக் கூட்டிட்டுப் போயிடறீங்களா?"

கேட்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கேட்டுவிட்ட பிறகு, அவன் சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "அங்க அவளுக்கு நாய்னா ஆகாது."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். மறுபடி அதிர்ந்தது. துரையின் தலைக்கடியில் ஒரு தலையணையைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உருவினான்.

"தூங்குது. முழிச்சா விடாது. நான் இப்படியே கிளம்பிடறேன்."

அவளைவிட்டுப் போன காலையிலும் இதையேதான் செய்தான். அவள் கண் விழித்தபோது பக்கத்துத் தலையணை ஆறிப்போயிருந்தது. சவரக் கத்தியும் பெட்டியும் இல்லை. நிலைப்படியில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள். எதற்கும் இடம் வைக்காமல் போனான்.

அவள் போய்க் கதவை மறித்து நின்றாள்.

"எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க."

"என்ன பேசற நீ? நாய்கிட்ட போய்..."

"எழுப்புங்க. போறேன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

"இப்பதான் அசந்துச்சு. பாவம்டி."

"பாவமா? இப்பத்தான் பாவம் கண்ணுக்குத் தெரியுதா?"

குரல் அவளையும் மீறி உயர்ந்தது. யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. துரை தலையைத் தூக்கிப் பார்த்தது. அவன் கதவருகில் நிற்பதைக் கண்டு எழ முயன்று, கால் இடறி, மறுபடி எழுந்தது.

அவன் குனிந்து அதன் நெற்றியில் கை வைத்தான். "வரேன்டா துரை," என்றான். அவளைப் பார்க்கவில்லை. அவள் விலகினாள். அவன் போய்விட்டான்.

படியில் காலடி ஓசை தேய்ந்ததும் துரை கதவைப் பிறாண்டத் தொடங்கியது. பிறகு கதவின் அடி இடுக்கில் வாயைக் கொடுத்தது. புனல் மடங்கி வெடித்தது. மிஞ்சியிருந்த நாலைந்து சின்னப் பற்களால் அது மரத்தைக் கடித்து இழுத்தது. அவள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிப் பின்னால் இழுப்பதற்குள் வாயிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவள் முழங்கையெல்லாம் சூடாக நனைந்தது. ஈறில் தையல் நூல் தனியாகத் தொங்கியது.

டாக்டர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. ரத்தம் நிக்கலைன்னா உடனே கொண்டாந்துடுங்க. நின்னா காலையில பாக்கலாம். ஆனா திரும்பத் தைக்கணும்னா மயக்கம் குடுத்துத்தான் ஆகணும். இந்தக் கிட்னிக்கு அது தாங்குமான்னு நான் சொல்ல முடியாதும்மா."

"தைக்காம விட்டா?"

"விட முடியாது."

ரத்தம் மெல்ல நின்றது. சாயங்கால மருந்தைக் கன்னத்து ஓரமாக விடப் போனபோது துரை அவளைப் பார்த்து உறுமியது. இத்தனை வருஷத்தில் அது அவளிடம் உறுமியதே இல்லை. பாதி மருந்து தரையில் சிந்தியது. மீதி உள்ளே போனது.

நாய்க்காகத்தான் கதவை மறித்தோமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்தே இருந்தது. தனக்கு ஒரு 'வரேன்' வேண்டியிருந்தது. அதற்கு இந்த வாயில்லா ஜீவனின் தூக்கத்தைக் கொடுத்தாள்; ஒருவேளை உயிரையும் கொடுத்திருக்கலாம்.

"மன்னிச்சுக்கடா," என்றாள். துரை காதைக்கூட அசைக்கவில்லை. கதவைப் பார்த்தபடி படுத்து மறுபடியும் அதே சுருதியில் முனகியது. அவள் கொஞ்சம் தள்ளித் தரையில் படுத்துக்கொண்டாள். அதன் தாடைக்கடியில் ஒரு துணியை நகர்த்தி வைக்க மட்டும் அது விட்டது.

வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு காலடிக்கும் துரை முனகலை நிறுத்தி, கழுத்தை நீட்டி, காதைத் தூக்கியது. ஓசை கதவைத் தாண்டி மேல்மாடிக்குப் போனதும் தலை மறுபடி துணியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இனி ஒருத்தரும் ஏறி வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டு கிடந்தாள். கீழே யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.