வென்றவளும் மற்றவளும்

வென்ற கோப்பை மடியில் நிற்காமல் வழுக்கியது. பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து ஷூ லேசை அவிழ்த்தாள். பதினேழு வயது. மூன்று வாரத்துக்கு முன் டென்னிஸ் தகுதிச்சுற்று ஆட வந்தபோது இந்த உடைமாற்றும் அறையில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தோற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று காலை மிச்சமிருந்தது இரண்டே பேர்.

பயிற்சியாளரும் இரண்டாம் சுற்றோடு ஊருக்குப் போயிருந்தார். மனைவிக்குப் பிரசவ நேரம். "நீ இவ்ளோ தூரம் வருவேன்னு யாரு கண்டா? டிக்கெட் அப்பவே போட்டாச்சும்மா" என்றார். இன்று எதிராளியின் கடைசிப் பந்து வலையில் விழுந்தபோது, பழக்கதோஷத்தில் அவள் அவருடைய இருக்கையைத்தான் பார்த்தாள். அங்கே யாரோ ஒருவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அம்மாவுக்குப் பகல் வேலை.

"பாத்தேன்டி, டிவில எல்லாரும் பாத்தோம். இரு, இவங்க பேசணுமாம்."

போன் கைமாறியது. சூப்பர்வைசர், லிஃப்ட்காரர், பெயர் தெரியாத நர்ஸ். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அம்மாவிடம் திரும்பி வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தாள், பிஸி.

கதவைத் திறந்துகொண்டு தோற்றவள் வந்தாள். முப்பத்து மூன்று வயது, இதே கோப்பையை இரண்டு முறை வாங்கியவள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தோள்பட்டையில் வலிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரிப் பட்டையைப் பிய்க்கப் பார்த்தாள். கை எட்டவில்லை.

"கொஞ்சம் இழுத்து விடறியா?"

"வலிக்கும்க்கா."

"இன்னைக்கு நீ குடுத்ததை விடவா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிறியவள் பின்னால் மண்டியிட்டு ஒரு முனையை நகத்தால் கிளப்பினாள்.

"மொத தடவை ஜெயிச்சப்ப என்னக்கா பண்ணீங்க?"

"குளிச்சேன். அப்புறம் இங்கேயேதான் உக்காந்திருந்தேன், யாராவது வருவாங்கன்னு."

"வந்தாங்களா?"

"கூட்டமா வந்தாங்க. எங்கப்பா வரல. அவருக்குக் கூட்டம்னா ஆகாது" என்றாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். போட்டோக்காரர்கள் காத்திருக்கிறார்களாம்.

"போ. உன்னைத்தான்."

"இன்னும் ரெண்டு இழுப்புதான். ஆடாம இருங்க."

மறுபடி தட்டினார்கள். பட்டை விட்ட இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பெரியவளின் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. சிறியவள் கையை எடுக்கவில்லை.